சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் எவ்வளவு தூரம்?



நம் உறவினர் ஒருவர் இரவு 10 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இறங்கியதும் விமான நிலையத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறார். மணி பதினொன்றரை. இவ்வளவு பெரிய கடலை ஒன்றரை மணி நேரத்தில் தாண்டிவிட்டோமா என்று அவருக்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் அவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரமோ நள்ளிரவு கடந்து 2 மணி என்று காட்டுகிறது.

கைக்கடிகாரம் சொல்வதே சரியான பயண நேரம். புறப்பட்டு நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. மலேசியாவின் கடிகாரம் இந்தியாவின் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால் மேற்கே போகிறவருக்கு இரண்டரை மணி நேரம் திரும்பக் கிடைத்ததுபோல் தோன்றுகிறது. திரும்பி வரும்போது அதைக் கொடுத்துவிட வேண்டியதுதான். 1981ஆம் ஆண்டின் இறுதிவரை தீபகற்ப மலேசியாவில் இந்த வேறுபாடு இரண்டு மணி நேரமாகத்தான் இருந்தது. 1982 ஜனவரி முதல் நாள் முதல் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக இருக்கவேண்டும் என்று நம் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன.

சரி, நேரம் நான்கு மணி. தூரம் எவ்வளவு? வானத்தில் நேர்க்கோடு போட்டு அளந்தால் சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சாலை வழியே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அதைப்போல் ஏழு மடங்குக்கும் மேல் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். விமானம் உயரே ஏறியபின் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 2,600 கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலே ஏறுவதும், இறங்குவதும் சேர்ந்து நான்கு மணி நேரம் ஆகிவிடுகிறது.

இந்த 2,600 கிலோமீட்டர் நேற்றும் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தது. மாறியதெல்லாம் அதைக் கடக்கும் நேரமும், கடப்பவருக்கு அதனால் ஏற்படும் பாடும்தான். நம் முன்னோர் இதே தூரத்தை எப்படிக் கடந்தார்கள், அந்தக் கடல் நம் குடும்பங்களை என்ன செய்தது என்பதை இன்று எண்ணிப் பார்ப்போம்.

கோலாலம்பூர் உள்நாட்டு நகரம். அங்கே துறைமுகம் கிடையாது. ஆகவே பழைய நாளில் இந்தப் பக்கத்தின் வாசல் கெடா, பிறகு பினாங்கு, அதன்பின் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அன்று வழங்கிய கிள்ளான் துறைமுகம். அந்தப் பக்கத்தின் வாசல் சென்னையும், அதைவிட முக்கியமாக நாகப்பட்டினமும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,330 கிலோமீட்டர். நாகையிலிருந்து கிழக்கே வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையே புகுந்தால் மலாக்கா நீரிணை வந்துவிடும். கப்பல்கள் நெடுங்காலமாகப் போய்வந்த பாதை இது.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீனப் பௌத்தத் துறவி இ-சிங் எழுதிவைத்த குறிப்பு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. துறவி ஒருவர் பனிக்காலத்தின் இறுதியில் கெடாவிலிருந்து மேற்கே கப்பலேறி, முப்பது நாளில் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார் என்று அதில் அவர் எழுதியிருக்கிறார். நாகப்பட்டினத்துக்கும் நம் நாட்டுக்கும் இடையே பயண நேரம் இத்தனை நாள் என்று எண்ணிக்கையோடு சொல்லும் மிகப் பழைய குறிப்புகளில் இதுவும் ஒன்று. முப்பது நாளில் 2,300 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு 77 கிலோமீட்டர். மணிக்கு மூன்று கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். தரையில் நடந்து போகும் மனிதனே இதைவிட வேகமாக நடப்பான்!

ஏன் இவ்வளவு மெதுவாக? பாய்மரக் கப்பலுக்குக் காற்றே எஜமான். ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்து காற்று வீசும். அது கப்பலைக் கிழக்கே தள்ளும். ஆண்டின் இறுதியில் காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசும். அது மேற்கே கொண்டுபோகும். அந்தத் துறவி பனிக்காலத்தின் இறுதியில் புறப்பட்டதும் இதனால்தான். காற்று தவறினால் துறைமுகத்தில் மாதக் கணக்கில் காத்திருக்கவேண்டும். இவ்வளவு தொல்லை இருந்தும் மக்கள் போய்வந்தார்கள். ராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியைக் கட்டத் தொடங்கினான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாகக் கொடுக்கப்பட்டதை லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற செப்பேடுகள் சொல்கின்றன. பின்னர் 1025ஆம் ஆண்டு அளவில் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின்மேல் படையெடுத்தது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் இன்றும் காணப்படும் கோயில் அடித்தளங்கள் அந்தப் பழைய போக்குவரத்தின் மிச்சங்கள்.

மன்னர்களும் வணிகர்களும் துறவிகளும் கடந்த இந்தக் கடலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழை உழவர்கள் கடக்கத் தொடங்கினார்கள். கரும்புத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் ஆள் தேவைப்பட்டது. முதலில் வந்தவர்கள் பாய்மரக் கப்பல்களில்தான் வந்தார்கள். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தவர்களைச் 'சஞ்சிக்கூலி' என்று ஊரார் அழைத்தனர். வாரக் கணக்கில் கடலில் கிடந்து, நெரிசலிலும் நோயிலும் துன்பப்பட்டு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் வந்து சேரவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

பிறகு வந்தது நீராவிக் கப்பல். அது கொண்டுவந்த பெரிய மாற்றம் வேகம் என்று பலர் எண்ணுகிறார்கள். வேகத்தோடு இன்னொன்றும் வந்தது. அதுதான் தவறாத நாள் கணக்கு. காற்று எந்தப் பக்கம் வீசினாலும் நீராவிக் கப்பல் குறித்த நாளில் புறப்படும். ஏறக்குறையக் குறித்த நாளில் போய்ச் சேரும். அந்தப் பக்கத்தில் இரயில் பாதையும் வந்துவிட்டது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரையும், அடுத்த ஆண்டு திருச்சி வரையும் இரயில் ஓடியது. ஆக, உள்நாட்டுக் கிராமத்திலிருந்த உழவனை இரயிலில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து கப்பலில் ஏற்றி மலாயாவில் இறக்கும் ஓர் ஒழுங்கான பாதை உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறி, காடெல்லாம் பால்மரத் தோட்டமாக மாறியபோது, இந்தப் பாதை இல்லாமல் அவ்வளவு தமிழர்களை இங்கே கொண்டுவந்திருக்க முடியாது. நாம் இந்த நாட்டில் இருப்பதற்கு மழையும் பஞ்சமும், கடனும் கங்காணியும் எப்படிக் காரணமோ, அப்படியே கப்பலின் கால அட்டவணையும் ஒரு காரணம்.

1907இல் தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்து இந்தியத் தொழிலாளர் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டது. கப்பல் கட்டணம் அந்த நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. 1910இல் சஞ்சி முறை நிறுத்தப்பட்டது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. கங்காணி தன் ஊருக்கே திரும்பிப் போய், தன் உறவினரையும் பக்கத்து ஊராரையும் அழைத்து வருவார். நம் தோட்டங்கள் பலவற்றில் ஒரே வட்டாரத்து மக்கள் கூட்டமாக இருந்ததற்கு இதுவே காரணம்.

அந்தப் பயணத்தைச் சற்று விவரமாகப் பார்ப்போம். கிராமத்திலிருந்து நடந்தோ வண்டியிலோ இரயிலடிக்கு வரவேண்டும். இரயிலில் நாகப்பட்டினம் அல்லது சென்னைக்கு அருகிலுள்ள ஆவடி. இரண்டு இடத்திலும் கூடாரம்போல் குடியேற்ற முகாம் இருந்தது. அங்கே பெயர் பதிவு, மருத்துவச் சோதனை, அம்மைப்பால் குத்துதல் எல்லாம் நடக்கும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வந்து நிற்க வசதி கிடையாது. படகில் ஏறி, கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும் கப்பலுக்குப் போகவேண்டும். கடலையே பார்த்திராத பெண்களும் பிள்ளைகளும் அலையில் ஆடும் படகிலிருந்து அந்த இரும்பு மலையின்மேல் ஏறியதை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கப்பல்களுள் நம் மக்கள் நாவில் மிகுதியாக வழங்கிய பெயர் 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்துக்காக 1926இல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல முதலில் அதற்கு அனுமதி இருந்தது. மேல்தளப் பயணி என்றால் அவருக்கு அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. பாயை விரித்த இடமே வீடு. பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பிள்ளைகளை நடுவில் கிடத்தி, கடற்காற்றிலும் மழைச்சாரலிலும் நாட்களைக் கழிக்கவேண்டும்.

கப்பலின் வேகத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ரஜூலா மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் அளவில் ஓடியது என்று கொண்டால் 22 கிலோமீட்டர். சைக்கிளை வேகமாக மிதிக்கும் இளைஞனின் வேகம்தான். ஆனால் சைக்கிள்காரன் களைத்துப்போவான். கப்பல் இரவும் பகலும் நிற்காது. நாளுக்கு 530 கிலோமீட்டர் வீதம் கணக்கிட்டால் நாகையிலிருந்து பினாங்குக்கு நான்கரை நாள் வரும். அதனால்தான் நம் பெரியவர்கள் "அஞ்சாம் நாள் பினாங்கு" என்று சொல்லிவந்தார்கள். பினாங்கிலிருந்து கிள்ளான், சிங்கப்பூர் என்று போனால் முழுப் பயணமும் ஏறக்குறைய ஒரு வாரம்.

ஆனால் கப்பல் பினாங்கை அடைந்துவிட்டால் பயணம் முடிந்ததாகாது. பக்கத்திலுள்ள ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. கப்பலில் ஒருவருக்கு அம்மையோ காலராவோ கண்டால் எல்லோரும் அங்கே தங்கவேண்டும். அதன்பின் இரயில், லாரி, செம்மண் பாதை, லயத்து வீடு. கடலில் ஐந்து நாள்தான் என்றாலும், சொந்த வீட்டுத் திண்ணையிலிருந்து தோட்டத்து லயத்துக்கு வந்து சேர வாரக் கணக்கில் ஆனது. பயண நேரத்தை எப்போதும் வாசலிலிருந்து வாசல்வரை கணக்கிடவேண்டும்.

இங்கே இன்னொரு வேகத்தையும் சொல்லவேண்டும். சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலுக்கடியில் தந்திக் கம்பி போடப்பட்டது 1870ஆம் ஆண்டின் இறுதியில். அதற்குப்பின் செய்தி அன்றைக்கே கடலைக் கடந்தது. மனிதன் கடக்க ஒரு வாரம் ஆனது. ஊரில் தந்தை இறந்தால் தந்தி ஓரிரு நாளில் தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிடும். கிராணி அதைப் படித்துச் சொல்வார். மகன் அந்த நிமிடமே புறப்பட்டாலும் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, ஐந்து நாள் கடலில் கழித்து ஊர் போய்ச் சேரும்போது கொள்ளி வைத்து, காரியமும் முடிந்திருக்கும். ஆகவே பெரும்பாலோர் போகவில்லை. ஆற்றங்கரையில் தலை முழுகிவிட்டு, மறுநாள் விடியற்காலை பெரட்டுக்குப் போனார்கள். பெற்றவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலே ஒரு தலைமுறை வாழ்ந்து முடிந்தது. அந்த ஐந்து நாள் நம் குடும்பங்களுக்கு என்ன பொருள் தந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

போவதும் வருவதும் பயணியின் விருப்பப்படி நடந்ததா என்றால் அதுவும் இல்லை. 1930இல் உலகெங்கும் வாணிபம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, அடுத்த சில ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொண்டுவந்த அதே கப்பல். அதே ஐந்து நாள். 1938இல் இந்திய அரசு உதவிக் கட்டணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி வழி வருகை அத்துடன் முடிந்தது.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகளுக்குக் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எண்ணற்றோர் அங்கேயே மடிந்தார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு அது ஆண்டுக் கணக்கில் தெரியவே இல்லை. கடலின் அகலம் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை. ஆனாலும் முப்பது நாளில் கடந்த அந்தப் பழங்காலத்தைவிட நாகப்பட்டினம் அப்போது நமக்குத் தொலைவாகிவிட்டது. ரஜூலாவும் போர்ப்பணிக்குப் போயிற்று. அதன் உடன்பிறப்பான 'ரோனா' என்னும் கப்பல் 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் குண்டு வீச்சுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. ரஜூலா மட்டும் தப்பித்துப் பழைய பாதைக்கே திரும்பியது.

இந்த நேரத்தில் வானத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1932 அக்டோபரில் டாட்டாவின் சிறிய தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு வந்தது. 1933ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனிலிருந்து புறப்படும் இம்பீரியல் ஏர்வேஸ் விமானப் பாதை கல்கத்தா, ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் வழியாகச் சிங்கப்பூர் வரை நீட்டப்பட்டது. இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு அப்போது ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இரவில் பறக்காமல் ஊருக்கு ஊர் இறங்கித் தங்கிப் போவார்கள். கெடாவிலும் பேராக்கிலும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேலே போன அந்த 'ஆகாயக் கப்பலை' அண்ணாந்து பார்த்திருக்கக்கூடும். அதில் தபாலும் சில துரைமார்களும் போனார்களே தவிர, நம்மவர் போக வழியில்லை.

போருக்குப்பின் விமானங்கள் பெருகின. 1954இல் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் நிறுவனம் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. 1960இல் அந்நிறுவனம் போயிங் 707 ஜெட் விமானத்தை வாங்கியது. 1965 ஆகஸ்டில் சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1972 அக்டோபர் முதல் நாள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனி விமான நிறுவனங்கள் பறக்கத் தொடங்கின. நான்கு மணி நேரப் பயணம் இப்போது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் யார் கைக்கு? நாட்கூலி வாங்கும் தோட்டக் குடும்பத்துக்கு விமானச் சீட்டு எட்டாக் கனியாகவே இருந்தது. வசதியுள்ளவருக்குச் சென்னை நான்கு மணி நேரம். பால்வெட்டுத் தொழிலாளிக்கு அதே சென்னை ஒரு வாரம். ஒரே தெருவில் இருவர் நின்றாலும் இருவருக்கும் தூரம் ஒன்றல்ல.

தூரத்தைக் கூட்டிய இன்னொன்றும் உண்டு, அது காகிதம். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது குடியுரிமைக்கு மனுச் செய்யாமல் இருந்துவிட்ட தொழிலாளர்கள் பலர். எழுத்தறிவு இல்லை, விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றாயிற்று. 1969க்குப் பிறகு பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அவர்களுள் இங்கேயே பிறந்தவர்களும் இருந்தார்கள். தாங்கள் கண்ணால் காணாத ஒரு ஊருக்குத் 'திரும்பி'ப் போனார்கள். துறைமுகத்தில் நின்று கையசைத்தவர்களுக்கு அந்த ஐந்து நாள் பயணம் ஆயுட்காலப் பிரிவாகவே முடிந்தது.

ரஜூலாவின் பயணமும் அத்தோடு முடிவுக்கு வந்தது. 1973இல் அது கைமாறி, அடுத்த ஆண்டு உடைக்கப்பட்டது. அதன் இடத்தில் 'சிதம்பரம்' என்ற கப்பல் வந்தது. பிரான்சு நாட்டில் கட்டப்பட்ட 'பாஸ்டர்' என்னும் கப்பலை இந்தியா வாங்கிப் பெயர் மாற்றி இந்தப் பாதையில் விட்டது. வெங்காயமும் புளியும், எவர்சில்வர் பாத்திரமும் கைலியும் அதில் வந்து போயின. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்தனர். கப்பல் மீண்டும் இந்தப் பாதைக்குத் திரும்பவில்லை. நம் மக்களை நூறாண்டுக்கு மேல் ஏற்றி இறக்கிய கப்பல் பாதை அவ்வாறு ஓய்ந்தது.

இன்று நிலைமை வேறு. 1998இல் சிப்பாங்கில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. 2000க்குப் பிறகு மலிவுக் கட்டண விமானங்கள் வந்தன. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கே நேராகப் பறக்கலாம். அதற்கும் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் திருச்சிக்காரர் கடல் கடக்க இரயிலேறி நாகப்பட்டினம் போகவேண்டும். இன்று நாகப்பட்டினத்துக்காரர் கடல் கடக்கப் பேருந்து ஏறித் திருச்சிக்கு வருகிறார். கடலே இல்லாத ஊர் துறைமுகமாகிவிட்டது! முன்கூட்டியே சீட்டு வாங்கிச் சிக்கனமாகப் போனால், தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பமும் சில மாதச் சேமிப்பில் போய்வர முடிகிறது. காலையில் செய்தி வந்தால் அன்றிரவே மகன் தந்தையின் தலைமாட்டில் நிற்கலாம். தாத்தா காலத்தில் எந்தச் செல்வனுக்கும் கிடைக்காத பேறு இது.

இருந்தும் நம்மில் எத்தனை பேர் அந்த நான்கு மணி நேரத்தைப் பயன்படுத்த முடிகிறது? விமானம் இருக்கிறது, சீட்டும் வாங்கலாம். போகவேண்டிய ஊர் எது என்று கேட்டால் பல குடும்பங்களில் பதில் இல்லை. "தஞ்சாவூர்ப் பக்கம்", "சேலத்துப் பக்கம்" என்பார்கள். பக்கம் என்பது ஊர் ஆகாது. பாட்டி இருந்தவரை ஊரின் பெயர் இருந்தது. பாட்டி போனதும் அதுவும் போயிற்று. கடலின் தூரத்தை நான்கு மணி நேரமாகக் குறைத்துவிட்டோம். மறதியின் தூரத்தைக் குறைக்க எந்த விமானமும் வராது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குச் சிதறிவிட்ட இந்தக் காலத்தில் அந்தத் தூரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு நாமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. இன்றிரவு சாப்பாடு ஆனபின், வீட்டில் மூத்தவர் யாரோ அவரருகில் உட்காருங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் குடும்பத்தில் முதலில் கப்பலேறியவர் யார்? எந்த ஊரிலிருந்து? எந்தக் கப்பலில், எந்த ஆண்டு? ஆண்டு நினைவில்லாவிட்டால், ஜப்பான்காரன் வருவதற்கு முன்பா பின்பா, அப்போது பெரியம்மா பிறந்திருந்தாரா என்று கேட்டால் கணக்கு வந்துவிடும். பெட்டிக்கடியில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட்டு, கப்பல் சீட்டு, மணியார்டர் இரசீது, ஊரிலிருந்து வந்த கடித உறை, சிவப்பு அடையாளக் கார்டு எதையும் குப்பை என்று வீசிவிடாதீர்கள்.

அவற்றைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பழைய காகிதத்திலுள்ள மாவட்டம் இன்று வேறு பெயரில் இருக்கலாம். நாகப்பட்டினம் 1991இல் தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. வட ஆற்காடு 1989இல் இரண்டானது. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே மாவட்டத்தின் பெயரோடு நிறுத்தாமல் தாலுகா, கிராமம், பக்கத்திலுள்ள ஆறு, குலதெய்வக் கோயில் எல்லாவற்றையும் எழுதிவைப்பது நல்லது. ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதை உரக்கப் படித்துப் பெரியவர் காதில் போட்டால், சரியான பெயரை அவரே சொல்லிவிடுவார்.

எழுதிவைத்தால் உடனே விமானம் ஏறவேண்டும் என்பதில்லை. நம் நாடு இது. நம் பிள்ளைகள் வளரும் மண் இது. ஆனால் எங்கிருந்து, எத்தனை நாளில், எவ்வளவு பாடுபட்டு இங்கே வந்து சேர்ந்தோம் என்பது தெரிந்த பிள்ளை, இந்த மண்ணில் இன்னும் உறுதியாகக் காலூன்றி நிற்பான்.

சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், 2,600 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் என்று நம் பிள்ளை எழுதட்டும். அதுவே சரியான விடை. அதே கேள்வியை வீட்டில் கேட்டால், "தாத்தாவுக்கு ஐந்து நாள்" என்று தொடங்கி, அந்த ஐந்து நாளில் நடந்ததை அவன் சொல்லத் தெரிந்தவனாக இருக்கட்டும். அதற்கு இன்றிரவே தொடங்குவோம், நேயர்களே.